இருபத்து நான்கோடு நிற்காத பைகள்

ஹார்ட்ஸ் மலை, சானடோரியம்
12 நவம்பர் 1961

எவால்ட்,

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. வழக்கம்போல அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதே. உள்ளே இருபத்து நான்கு பைகள் இருக்கின்றன, சிவப்புக் கம்பளித் துணியில் தைத்தவை. ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் எண் போட்டிருக்கிறேன். அசையாமல் படுத்திரு என்று இவர்கள் சொன்ன நேரத்திலெல்லாம் போர்வைக்குள் ஒளித்து வைத்துத் தைத்தேன். ஆறு வாரம் ஆனது. நர்ஸ் இரண்டு தடவை ஊசியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை காலைக்கு ஒரு பை, உள்ளே நீ வைக்கிற ஏதாவது ஒன்று. போன வருஷம் கடையில் விற்கிற, நாளுக்கு ஒரு சின்னக் கதவாகத் திறக்கிற காலண்டர் அட்டையே போதும் என்று இருந்தேன். இந்த வருஷம் அது போதாது. ஏன் என்று உனக்குத் தெரியும். ஆகஸ்டில் நீ பிள்ளைகளைக் கூட்டி வந்தபோது, உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தார்களே, அப்போது எல்கே கையை ஆட்டினாள். ஊவே என்னைப் பார்த்துவிட்டு உன் அக்காவின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஐந்து மாதம் என்பது பாதி ஆயுசு. அவன் என்னை மறந்துகொண்டிருக்கிறான், எவால்ட். தினமும் காலையில் அவன் கை நான் தைத்த ஒன்றைத் தொட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எனவே கவனமாகப் படி. கயிற்றைச் சமையலறை ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கட்டு. அடுப்புக்கு மேல் கட்டாதே, சாக்லேட் உருகும். ஒற்றைப்படை நாள் எல்கேவுக்கு, இரட்டைப்படை நாள் ஊவேவுக்கு. இதில் மட்டும் நீ இளகிக் கொடுத்துவிடாதே, வீடு இரண்டாகிவிடும். தினமும் மிட்டாய் வேண்டாம், மூன்று நாளைக்கு ஒரு தடவை போதும். ஆறாம் தேதி நிக்கோலஸ் நாள், அன்றைக்குத்தான் வாசலில் வைக்கிற பூட்ஸ் மிட்டாயால் நிரம்பப் போகிறதே, அதனால் ஆறாம் பையில் ஒரே ஒரு கொட்டை. மீதி விவரம் பின் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பக்கம் இருக்கின்றன.

கெர்தா


செல்லே
19 நவம்பர் 1961

அன்புள்ள கெர்தா,

பார்சல் வந்து சேர்ந்தது. நான்கு பக்கத்தையும் படித்தேன். எங்கள் கடையில் தண்ணீர்ப் பம்பு வாங்குகிறவனுக்குக்கூட இரண்டு பக்கத்துக்கு மேல் விளக்கம் கொடுப்பதில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோபப்படாமல் படி. எப்படியும் கோபப்படத்தான் போகிறாய், ஆனாலும் உட்கார்ந்துகொண்டு படி, காய்ச்சல் ஏறப் போகிறது.

பார்சல் வந்தபோது நான் கடையில் இருந்தேன். வீட்டில் லிஸ்பெத் அக்கா இருந்தாள். அவளைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. உன் கடிதத்தையே இஸ்திரிப் பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டுத்தான் என் கையில் தருகிறாள். கிருமி சாகட்டும் என்கிறாள். காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து துணி வந்தால் சும்மா விடுவாளா? துணி துவைக்கிற பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டாள். அரை மணி நேரம். நான் வந்தபோது கம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

சுருங்கிவிட்டன, கெர்தா. எல்லாமே சுருங்கிவிட்டன. ஒவ்வொன்றும் இப்போது என் கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. எண்களும் சாயத்தில் முங்கி ஒரே சிவப்பாகிவிட்டன. எட்டையும் பன்னிரண்டையும் மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். அக்காவைக் கேட்டால், "நல்லதுக்குத்தானேடா பண்ணேன். ரெண்டு பிஞ்சு வீட்ல இருக்குல்ல?" என்கிறாள். அவளிடம் என்ன பேசுவது? அவள் இல்லையென்றால் இந்த வீட்டில் சோறு இல்லை.

ஆனால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஆணி நிறுத்துப் போடுகிற பழுப்புக் காகிதப் பைகள் கடையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. இருபத்து நான்கு எடுத்து வந்து விலைச்சீட்டு குத்துகிற முத்திரையால் எண் அடித்திருக்கிறேன். நேராக அடித்திருக்கிறேன். பார்க்க மோசமாக இல்லை.

எவால்ட்


சானடோரியம்
22 நவம்பர் 1961

எவால்ட்,

உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். வேறு எப்படிப் படிப்பேன், இங்கே நிற்கவே விடுவதில்லை.

கம்பளியைக் கொதிக்க வைத்தால் சுருங்கும் என்பது ஆட்டுக்கே தெரியும். இதை இஸ்திரி போடப்போகிற லிஸ்பெத்தும் படிக்கட்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நாத்தனாரே, இங்கிருந்து வெளியே போகிற எல்லாவற்றையும் அவர்களே மருந்துப் புகையில் ஒரு நாள் முழுக்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு தபால் கார்டு போதும்.

உன்மேல்தான் எனக்கு அதைவிடக் கோபம். "கம்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்" என்று ஏதோ பக்கத்து வீட்டில் நடந்தது மாதிரி எழுதுகிறாய். நீ என்ன செய்தாய்? தொப்பியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்திருப்பாய். இருபத்து நான்கு பையையும் என் கை தைத்தது. அந்தக் கை தொட்டதைக் கொதிக்க வைத்துவிட்டு, அதையே அந்தப் பிள்ளைக்கு முன்னால் செய்துவிட்டு, ஊவே அம்மாவை ஏன் தேடவில்லை என்று ஆச்சரியப்படுங்கள்.

ஆணிப் பையாம். நேராக அடித்திருக்கிறானாம்.

சரி. வேறு வழியில்லை என்றால் அதையே மாட்டு. ஆனால் பிள்ளைகளிடம் இது அம்மா சொல்லிச் செய்தது என்று சொல். தினமும் சொல். ஊவே என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது. "நன்றாக இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான்" என்று எழுதினால் அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

கெர்தா


செல்லே
4 டிசம்பர் 1961

அன்புள்ள கெர்தா,

நான் தொப்பியைக் கழற்றவே இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கயிறு கட்டியாகிவிட்டது. முதல் நாள் எல்கே பையைப் பிரித்து, தேன் ரொட்டியை ஒரே வாயில் முடித்துவிட்டு, "அடுத்தது எப்போ?" என்றாள். நாளை மறுநாள் என்றேன். அதற்கே முகம் தொங்கிவிட்டது. இரண்டாம் நாள் ஊவேவுக்கு மூன்று ஹேசல் கொட்டையும் ஒரு பித்தளைக் கொக்கியும் வைத்தேன். கொட்டையை அப்படியே விட்டுவிட்டான். கொக்கியைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தான். இன்றைக்குக் கீல் வைத்தேன். திறந்து மூடி, திறந்து மூடி, எண்ணெய் போடச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தான்.

கேட்டாயே, அதனால் சொல்கிறேன். "இதெல்லாம் அம்மா சொல்லித்தான் வெச்சேன்" என்றேன். ஊவே என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மா ஆணிக் கடையிலயா இருக்காங்க?" என்றான்.

உன் சுருங்கின பைகளை அக்கா குப்பையில் போடப் போனாள். ஊவே பிடுங்கிக்கொண்டான். பத்து விரலுக்கும் பத்தை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். உருளைக்கிழங்கு சூப்பில் எல்லாம் நனைந்தன. கழற்று என்றால் கத்துகிறான். இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நீ எதையும் விடாமல் எழுதச் சொன்னாய்.

சண்டை மட்டும் ஓயவில்லை. கடைசிப் பை இருபத்து நான்கு, இரட்டைப்படை, அது ஊவேவுக்கு. "கடைசிப் பையையும் அவனுக்கே குடுக்கிறீங்க. நான்தானே மூத்தவ" என்று எல்கே தினமும் அழுகிறாள். என் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கடைசிப் பை யாருக்கும் இல்லை, அது அம்மா வருகிற நாள், பை தீரும்போது அம்மா வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். உடனே இரண்டும் அமைதியாகிவிட்டன. டாக்டர் கிறிஸ்துமஸுக்கு விடுவார் என்று நீதானே அக்டோபரில் எழுதினாய்?

எவால்ட்


சானடோரியம்
14 டிசம்பர் 1961

எவால்ட்,

"விடலாம்" என்று எழுதினேன். "விடுவார்" என்று எழுதவில்லை. போய் எடுத்துப் பார்.

நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கத்தில் அந்த நிழல் இன்னும் இருக்கிறது. சிறியதாகியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜனவரி கடைசி, இல்லையென்றால் பிப்ரவரி. நான் அழுதேன். அழுதால் நுரையீரலுக்குக் கெடுதல் என்று நர்ஸ் திட்டினாள்.

இப்போது சொல், யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தாய்? இரண்டு நிமிட அமைதிக்காக என்னை விற்றுவிட்டாய். பை தீர்ந்த அன்றைக்குக் காலையில் அந்த இரண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் வரமாட்டேன். அம்மா என்பவள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவள் என்று ஊவே படித்துக்கொள்வான். அவனிடம் என்னைப் பற்றி இருப்பதே கொஞ்சம், அதையும் கெடுத்துவிட்டாயே.

கடைசி நாள் வரை வைத்திருக்காதே. இன்றைக்கே சொல்லிவிடு. லிஸ்பெத்தை விட்டுச் சொல்ல வைக்காதே, நீயே உட்கார்ந்து சொல்.

கெர்தா


செல்லே
27 டிசம்பர் 1961

அன்புள்ள கெர்தா,

சொல்லிவிட்டேன். அன்றைக்கே இல்லை. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பதினெட்டாம் தேதி, ஊவே பையிலிருந்து திருகாணியை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எல்கே கேவிக் கேவி அழுதாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் அழுதேன், அக்கா பார்த்துவிட்டாள், பரவாயில்லை.

ஊவே அழவில்லை. கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இருபத்தஞ்சு எங்க?"

இருபத்து ஐந்து கிடையாது, கயிறு இருபத்து நான்கோடு முடியும் என்றேன்.

"பை தீர்ந்தா அம்மா வருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மா வரலன்னா பை எப்படித் தீரும்?"

இருபது வருஷமாகக் கடையில் நிற்கிறேன், இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. எல்கே உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இருபத்தஞ்சு எனக்கு" என்றாள்.

அக்கா, "கிறிஸ்துமஸ் முடிஞ்சும் காலண்டர் மாட்டுற வீடு இந்தத் தெருவுல நம்ம வீடுதான்டா, ஊரே சிரிக்கும்" என்கிறாள். சர்ச்சிலும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. போதகர் என்னைப் பார்த்து, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கிற காலம் முடிந்து நாம் கொண்டாட ஆரம்பித்துவிட்டோமே, திரு. பெங்கே, என்றார். எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை ஐயா என்றேன்.

ஆக இன்றைக்கு இருபத்து ஏழு. பைக்குப் பஞ்சமில்லை, எங்கள் கடை நிறைய இருக்கிறது. உள்ளே வைக்க எதுவும் இல்லை. எல்கேவுக்கு ரிப்பன், பென்சில், பழைய தபால்தலை எல்லாம் தீர்ந்துவிட்டன. ஏதாவது சொல். ஒரு பக்கத்தில் சொல்.

எவால்ட்


சானடோரியம்
9 ஜனவரி 1962

எவால்ட்,

உன் கடிதத்தைப் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இருவரும் நர்ஸிடம் திட்டு வாங்கினோம். பிறகு நான் மறுபடி கோபப்பட்டேன், ஏனென்றால் இது உன்னுடைய வாய்க்கொழுப்பால் வந்தது, பாராட்ட எனக்கு மனமில்லை.

எல்கே எழுதிய கடிதம் கிடைத்தது. முப்பத்து ஐந்தாம் பையில் அவளுக்குப் பச்சை உருளைக்கிழங்கு வைத்தாயாமே. வெட்கமாக இல்லையா? எட்டு வயது ஆகப்போகிற பெண் குழந்தைக்கு. என் தையல் பெட்டியின் அடித்தட்டில் பொத்தான்கள் இருக்கின்றன, முத்துப் பொத்தானே பன்னிரண்டு இருக்கும். அலமாரியில் என் நீலச் சால்வையின் குஞ்சங்களை வெட்டிக் கொடு, அவள் பொம்மைக்கு முடி வைப்பாள். உனக்கு இதெல்லாம் சொல்லாமல் தெரியாதா?

இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். இருமலில் இப்போது ஒன்றும் வருவதில்லை.

ஊவே என்னைப் பற்றி என்ன சொல்கிறான்? நீ அதைச் சொல்லாமல் கீல், திருகாணி என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

கெர்தா


செல்லே
28 ஜனவரி 1962

அன்புள்ள கெர்தா,

மறைத்தேன். ஆமாம். இப்போது சொல்கிறேன், ஏனென்றால் என்னால் இனிமேல் முடியாது.

ஐம்பத்து ஒன்பதாம் பை இன்றைக்கு. காலையில் ஆறு மணிக்கு எழுந்து, ஒரு பெரிய ஆம்பிளை, என்ன வைப்பது என்று சமையலறையில் சுற்றிச் சுற்றி வருகிறேன். போன வாரம் குழாய்க்குப் போடுகிற ரப்பர் வளையம் வைத்தேன். நேற்று முன்தினம் எல்கே, "அப்பா, நீங்க தோத்துட்டேன்னு ஒத்துக்கோங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊவே விஷயம் இதுதான். எல்கே தினமும் அவனுக்கு உன்னைப் பற்றிச் சொல்கிறாள். அம்மா இப்படிப் பாடுவாள், அம்மா இப்படிக் கோபப்படுவாள் என்று. சொல்லி முடித்துவிட்டு, "உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னப் பையன்" என்பாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். நீ எல்கேவின் அம்மா. அவனுக்கு லிஸ்பெத் அத்தை.

நீ எந்த நாளில் வருவாய் என்று தினமும் கேட்கிறான். தெரியாது என்றேன். "அவ நாள்ல வந்தாங்கன்னா அவளுக்கு வந்தாங்க. நான் அத்தை வீட்டுக்குப் போயிடுறேன்" என்றான். அக்கா பூட்டிவிட்டு வந்திருக்கிற வீட்டைத்தான் சொல்கிறான். அடம்பிடித்துச் சொல்லவில்லை, கெர்தா. சோறு வேண்டாம் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னான். அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

அம்மா இரண்டு பேருக்கும்தான் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். கயிறு அப்படிச் சொல்லவில்லை என்கிறான். ஒற்றைப்படை அவளுக்கு, இரட்டைப்படை அவனுக்கு, இளகிக் கொடுக்காதே என்று எழுதியது யார்? நான் இளகவில்லை. இரண்டு மாதமாக ஒரு நாள்கூட இளகவில்லை. இப்போது அது என் கழுத்தைப் பிடிக்கிறது.

நீ உன் டாக்டரிடம் போய் இரட்டைப்படை நாளாகப் பார்த்து விடச் சொல். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

எவால்ட்


சானடோரியம்
5 பிப்ரவரி 1962

எவால்ட்,

விட்டுவிட்டார்கள். இன்று காலை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் தேதி.

விரல் விட்டு எண்ணினேன். எழுபத்து ஒன்று. எல்கேவின் நாள்.

எத்தனை நாளாக நான் இதற்காகக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஜூனிலிருந்து ஒவ்வொரு காலையும் இந்த மனிதரை நச்சரித்திருக்கிறேன். இன்றைக்குக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "டாக்டர், ஒரு நாள் தள்ளிப் போட்டுக் குடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு மாசமா என் உசிரை வாங்கினீங்களேம்மா. இப்ப என்ன வந்துச்சு?"

விளக்கிச் சொன்னேன். கயிறு, ஒற்றைப்படை, இரட்டைப்படை, ஆணிப் பை எல்லாவற்றையும். பாதியில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. படுக்கை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று, வெள்ளி மதியம் காலி செய்ய வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். அப்படியானால் துணி அலமாரி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். டாக்டர் என்னையும் அவளையும் பார்த்துவிட்டு ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு நாற்பது ரயிலில் வந்து இறங்குவேன். எல்கேவிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு, காரணத்தோடு சொல். அழுவாள், அழட்டும், அவளால் தாங்க முடியும். நான் யாருடைய அம்மா என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊவேவிடம் ஒன்றும் சொல்லாதே. சனிக்கிழமை காலையில் அவன் பையைப் பிரிக்கட்டும், உள்ளே ஸ்டேஷன் பிளாட்பாரம் டிக்கெட்டை வை. உனக்கு நான் கொடுக்கும் கடைசி உத்தரவு இது, இதையாவது ஒழுங்காகச் செய்.

அவன் என்னிடம் ஓடி வருவான் என்று நான் நினைக்கவில்லை. லிஸ்பெத்தின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நின்றுவிட்டுப் போகட்டும். யாரும் அவனைத் தள்ளிவிட வேண்டாம்.

எட்டு மாதம் எப்படியோ ஓட்டிவிட்டேன், எவால்ட். இந்த வெள்ளிக்கிழமையை எப்படிக் கழிக்கப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

கெர்தா